எண்ணெய் உருகாத அறை

எனக்குச் சும்மா உட்கார வராது. இந்த வயதிலும் கையில் வேலை இல்லாவிட்டால் அறைக்கு அறை நடந்துகொண்டிருப்பேன். பார்க்கிறவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைப்பார்கள். அப்படிப்பட்டவளை ஒரு மார்கழி மாதம் முழுக்க ஒரே அறைக்குள் அடைத்துவைத்தார்கள். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாது என்பது எங்கள் அடிவாரத்து ஊர்களில் மீற முடியாத சட்டம். கொல்லிமலைக்குக் குடிவந்தபோது பாத்திரம் பண்டத்தோடு அந்தச் சட்டத்தையும் நான் சுமந்துகொண்டு வந்திருந்தேன்.

அப்போது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். என் வீட்டுக்காரருக்குக் காட்டிலாகாவில் குமாஸ்தா வேலை. மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில், வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தால் தங்குவதற்கென்று ஒரு பங்களா இருந்தது. அதன் பின்னால் குதிரைச் சேணமும் கூடாரத் துணியும் போட்டுவைப்பதற்காகக் கட்டிய கல் கட்டடத்தை எங்களுக்கு வீடாகக் கொடுத்திருந்தார்கள். கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, வடக்கே பார்த்த ஒரே ஜன்னல். கூரை அத்தனை உயரத்துக்கு எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. குதிரையை நிற்கவைத்து அதன் மேல் ஆளை ஏற்றிப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

அந்த அறையில் ஒரு கணப்பு இருந்தது. இடுப்புயர இரும்புப் பீப்பாய். முன்பக்கம் விறகு போட ஒரு சின்னக் கதவு. தலையிலிருந்து தகரக் குழாய் ஒன்று கிளம்பி, சுவரைத் துளைத்து வெளியே போகும். குழாயின் கழுத்தில் ஒரு தகடு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடியைத் திருப்பினால் குழாய் அடைபடும், மறுபடி திருப்பினால் திறக்கும். பங்களாவுக்குப் புதிதாக ஒன்று வந்ததும் பழையதை எங்கள் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். கணப்பு இருக்கும் வீடு என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே கதை வேறு. அதன் முன்னால் உட்கார்ந்தால் முழங்கால் வெந்துபோகும், முதுகு விறைத்துப்போகும். நாள் முழுக்க விறகைத் தின்றுவிட்டு அறையை அப்படியே குளிரவிட்டிருக்கும். எனக்கு அதன் மேல் வந்த கோபம் ஒரு மனுஷன் மேல் வருகிற கோபம்தான்.

அந்த அறையில்தான் மார்கழி பிறந்த வாரத்தில் எனக்கு மகன் பிறந்தான். பிரசவம் பார்த்தவள் எங்களுக்கு விறகு கொண்டுவரும் மலைப்பெண். என் வயதுதான் இருக்கும். அதற்குள் அக்கம்பக்கத்தில் ஆறேழு பிரசவம் பார்த்திருந்தாள். தன் இடுப்பிலும் ஒரு எட்டு மாதக் கைக்குழந்தை.

பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்குப் போகாமல் நான் மலையிலேயே இருந்ததற்குக் காரணம் உண்டு. முதல் பிள்ளையைச் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா வீட்டில்தான் பெற்றேன். அதுவும் மார்கழிதான். பெண். பதினோராம் நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். அங்கே எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மேற்கே இருந்த சின்ன அறையைக் கொடுத்து, பனி இறங்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி வைத்து, பொத்திப் பொத்திப் பார்த்தார்கள். அந்த அறையில் தேங்காய் எண்ணெய் ஒரு நாளும் உறைந்தது கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் கங்குச் சட்டியைத் தினமும் அப்பாவே தன் கையால் எடுத்துவந்து வைத்து, ஜன்னலையும் சாத்திவிட்டுப் போவார். ஆம்பிளைகள் நுழையாத அறை என்று கிழவிகள் முணுமுணுத்ததைக்கூட அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை போனதும் ஜாதகத்தைப் பார்த்துப் பாலாரிஷ்டம், ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். நான் அந்த அறைக்கு இனிமேல் திரும்புவதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

மகன் பிறந்த ஐந்தாம் நாள் அப்பா மலையேறி வந்தார். பிள்ளைக்குத் தேய்த்துவிட ஒரு பெரிய குப்பி நிறையத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். ஒரு வாய் காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த எண்ணெய் குப்பிக்குள் கட்டியாகிவிட்டது. அப்பா குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

“என்ன கண்ணு இது, ஊடா கொகையா? எண்ணெயே கல்லாப் போகுது, இதுல பச்சப் புள்ளைய எப்படி வெச்சிருப்பே?”

“கணப்பு இருக்குதுங்கப்பா.”

“கணப்பு இருந்து?” என்று மறுபடியும் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினார். “ஒரு புள்ளையக் குடுத்துட்டோம் சாமி. இன்னொண்ணையும் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல. தை பொறந்து மூணா நாளு டோலியோட வாரேன். அதுக்குள்ள இந்த எண்ணெய் உன் கட்டல் பக்கத்துல தானா உருகிக் கெடந்துச்சுன்னா நான் ஒண்ணுஞ் சொல்லல, நீ இங்கயே இரு. உருகலீன்னா ரண்டு பேரும் எங்கூடக் கெளம்போணும்.”

என் வீட்டுக்காரர் “சரீங்க மாமா” என்றார். அவர் எதற்குமே “சரீங்க” என்பவர். நானும் தலையாட்டினேன். மனசுக்குள் மட்டும், உருக்கிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டேன். நடக்க முடியாமல் அடைந்து கிடந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அப்பா இறங்கிப்போன மறுநாளே எண்ணெயைச் சூடாக்கி மூன்று மருந்துக் குப்பிகளில் ஊற்றினேன். ஒன்று கட்டில் காலோரம், தரையில். ஒன்று பிள்ளையின் தலைமாட்டில், கட்டில் உயரத்தில். இன்னொன்று சுவரில் மேலே இருந்த பலகையில். பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைப்பேன்; எழுந்து மூன்று குப்பியையும் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன்; கணப்பில் ஒரு கட்டையைத் தள்ளுவேன்; மறுபடி பார்ப்பேன். மேலே இருந்த குப்பி சில சமயம் கூழாக அசைந்தது. தலைமாட்டுக் குப்பி அசையவில்லை. தரையில் இருந்தது மெழுகுவர்த்தி மாதிரி நின்றது.

முதலில் கணப்பைக் கவனித்தேன். அது வெளிச்சுவரை ஒட்டி நின்றிருந்தது. அதன் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொட்டால் கல் சுட்டது. நம் விறகில் பாதி மலையைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது என்று புரிந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மண்ணெண்ணெய் குதிரைக் கொம்பாக இருந்த நாட்களில் வீட்டில் காலி டின்கள் மட்டும் இரண்டு இருந்தன. அவற்றை வெட்டித் தட்டையாக்கித் தரும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். புளியும் சாம்பலும் போட்டு, முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். கணப்பை ஒரு சாண் முன்னால் நகர்த்தி, பின்னால் அந்தத் தகரங்களைச் சுவரில் ஒட்டாமல் நிறுத்திவைத்தோம். அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. சுவருக்குப் போன சூடு திரும்பி எங்கள் பக்கம் வந்தது. கணப்புக்கு முன்னால் கிடந்த டிரங்குப் பெட்டியையும், பிள்ளைத் துணி உலர்த்தக் கட்டியிருந்த கொடியையும் மூலைக்கு மாற்றினேன். இத்தனை நாளும் சூட்டை முதலில் வாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டிதான். அதற்குள் இருந்த என் கல்யாணப் புடவை மட்டும் சுகமாக இருந்திருக்கும்.

“ஏம்புள்ள, நீ குமாஸ்தா பொண்டாட்டியா இருக்க வேண்டியவளே இல்ல. இஞ்சினீயரா வந்திருக்கோணும்” என்றார் அவர்.

“மொதல்ல அந்தக் கூரைக்கு ஒரு வழி சொல்லுங்க. சூடெல்லாம் மேலே போயி ஓட்டு வழியா ஓடுது.”

மேல் பலகைக் குப்பியும் தரைக் குப்பியும் எனக்கு அதைச் சொல்லியிருந்தன. அதற்கு வழி சொன்னவள் மலைப்பெண்தான். அவர்கள் வீடுகளில் அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் இருக்கும். சாமையும் ராகியும் அதில் கிடக்கும். அடுப்புச் சூடு பரணில் தட்டிக் கீழேயே நிற்கும். அவள் புருஷன் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து மூங்கில் தட்டி முடைந்தான். சுவருக்குச் சுவர் கழி கொடுத்துத் தட்டியைப் பரப்பி, மேலே சாமை வைக்கோலை ஒரு முழத்துக்குப் போட்டுக் கொடுத்தான். குதிரைக்காரன் உயரத்தில் இருந்த அறை மனுஷ உயரத்துக்கு இறங்கியது. தலைமாட்டுக் குப்பியில் எண்ணெய் ஓரத்தில் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்தது.

எனக்கு அது போதவில்லை. ஓரம் உருகினால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். மார்கழி பாதி தாண்டிவிட்டது. விறகு கொண்டுவந்து இறக்கிய மலைப்பெண் நான் குப்பியைச் சாய்த்துப் பார்ப்பதை வாசலில் நின்றே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கம்மா, தெரியாமத்தான் கேக்கறேன். குளுருறது எண்ணெய்க்குங்களா, புள்ளைக்குங்களா?”

“எண்ணெய் உருகுனாத்தான் புள்ளைக்குக் குளுரலேன்னு அர்த்தம்.”

“புள்ளையத் தொட்டுப் பாத்தாத் தெரியாதுங்களா?” என்று சிரித்தாள். அவள் பிள்ளை அவள் நெஞ்சோடு துணியில் கட்டிக் கிடந்து, என்னைப் பார்த்துத் தானும் சிரித்தது. நடந்தது, விறகு சுமந்தது எல்லாம் அந்தப் பிள்ளையோடுதான். படிக்காதவள், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள்.

அடுத்தது இடுக்குகள். ஜன்னல் கதவில் விரல் நுழையும் சந்து. ராகி மாவில் பசை காய்ச்சினேன். ஆபீஸில் தள்ளுபடியான பழைய படிவங்களை அவர் கட்டாகக் கொண்டுவந்தார். ஜன்னல் முழுக்க இரண்டு மடிப்பு ஒட்டினேன். கதவுக்கு அடியில் மணல் நிரப்பிய துணி உருளை ஒன்றைத் தைத்துப் போட்டேன். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஓட்டைகளில் கந்தலை அடைத்தேன். எல்லாம் முடிந்தபோது பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. வாசனையே மாறிப்போயிற்று, பால், எண்ணெய், புகை பிடித்த துணி எல்லாம் கலந்து நின்றது. அவர் உள்ளே வந்தவுடன் மூக்கைச் சுளித்தார். என் அம்மா வீட்டு அறையிலும் இதே வாசனைதான் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அப்போது அதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டேன். தலைமாட்டுக் குப்பி பாதி உருகியது.

பாதி. பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. நான் சாப்பிடும்போதும் குப்பியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அந்த நாட்களில் என் மகன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எண்ணெய் எந்த அளவில் நின்றது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

மறுநாள் காலை அவர் ஆபீஸுக்குப் போன பிறகு, பாத்திரம் கழுவின தண்ணீரை வெளியே கொட்டக் கதவைத் திறந்தவள், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயை எதேச்சையாகத் தொட்டேன். விரல் பொசுங்கியது. இத்தனை சூடு தினமும் வெளியே போகிறதா! தகரம் வைத்தோம், தட்டி போட்டோம், ஜன்னலை அடைத்தோம்; பெரிய ஓட்டையை விட்டுவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். குழாயை அடைத்தால் அறையெல்லாம் புகை வரும் என்பது எனக்குத் தெரியும். அவரும் பலமுறை எச்சரித்திருந்தார். அதனால் புத்திசாலித்தனமாகக் காத்திருந்தேன். விறகு முழுக்க எரிந்து, தீ அடங்கி, புகை சுத்தமாக நின்று, வெறும் கங்கு மட்டும் செக்கச்செவேலென்று கிடக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பிடியைத் திருப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அறை வேறு அறையாகிவிட்டது. எனக்கு முதல்முதலாக முதுகு சுட்டது. குப்பியை எடுத்துச் சாய்த்தேன். எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தண்ணீராக ஓடியது. தனியாக நின்று சிரித்தேன். பிள்ளையிடம் காட்டினேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பிறந்த நாளிலிருந்து நாழிகைக்கு ஒரு தரம் வீல் வீலென்று கத்துகிறவன் அன்று பாலுக்குக்கூட எழவில்லை. சூடு இதமாக இருக்கிறது, அதனால்தான் சமர்த்தாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன். லேசாகத் தலை வலித்தது. இத்தனை நாள் கண் விழித்த அசதி என்று கட்டிலில் சாய்ந்தேன். எழுந்து அடுத்த குப்பியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கை, கால், மனசு எல்லாம் அடங்கிப்போயிருந்தன. என் ஆயுசில் அன்றைக்குத்தான் எனக்குச் சும்மா இருக்க வந்தது.

கதவு இடிபடும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. மணல் உருளை தடுத்ததால் கதவு திறக்கவில்லை. விறகுக்கட்டோடு வந்த மலைப்பெண் தோளால் முட்டித் தள்ளியிருக்கிறாள். வெளிச்சம் உள்ளே வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். திருடிக்கொண்டு போகிறாள் என்றே நினைத்தேன். எழுந்தால் கால் நிற்கவில்லை. தவழ்ந்துதான் வாசலுக்குப் போனேன்.

வெயிலில், மண்ணில் உட்கார்ந்து, தன் பிள்ளையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மடியில் என் பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிப்போட்டு உள்ளங்காலைச் சுண்டினாள். அவன் முகம் நல்ல சிவப்பாக இருந்தது. கை துவண்டு தொங்கியது. அவள் மறுபடியும் சுண்டினாள். நான் சாமி பேரைச் சொல்லிக் கத்தினேனா, சும்மா கத்தினேனா, தெரியவில்லை. மூன்றாம் தரமோ நாலாம் தரமோ சுண்டியபோது அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அந்த அழுகையை இன்றைக்கும் என் காதில் கேட்க முடியும்.

அதற்குப் பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். நான் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, புத்தி கெட்டுப் போச்சுங்களா உங்களுக்கு? கங்கை வெச்சுக்கிட்டு ஊட்டை இப்படியா அடைப்பாங்க?”

“கங்குலதான் புகையே இல்லையே!”

“புகை இருந்தாத்தான் இருமி எந்திரிச்சிருவீங்களே! கங்கு மூச்சை அடைக்கறது சத்தமில்லாமங்க. போன மழைக்கு எங்க ஆட்டுக்குட்டி ரண்டைக் குளுருதேன்னு உள்ள போட்டு, கங்குச் சட்டி வெச்சு, கதவைச் சாத்தினோமுங்க. காத்தால பாத்தாத் தூங்கற மாதிரியே கெடந்துச்சுங்க ரண்டும்.”

தூங்குகிற மாதிரியே.

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். மேற்கே இருந்த சின்ன அறை எனக்குத் தெரிந்தது. சாத்தின ஜன்னல். கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி. என் மகள் அந்தப் பத்து நாளும் அழாத பிள்ளை என்று பேர் வாங்கியிருந்தாள். பதினோராம் நாள் காலையில் நான் எழுந்தபோது எனக்கும் இதே தலைவலி. அவள் முகமும் சிவப்பாக, நல்ல நிறத்தில் இருந்தது. செத்த பிள்ளை மாதிரியே இல்லையே என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேராகப் போய்ச் சுத்தியலை எடுத்துவந்து குழாயின் கழுத்தில் இருந்த தகட்டைப் பிடியோடு பெயர்த்து எடுத்துப் பள்ளத்தில் வீசினார். நான் ஜன்னலில் ஒட்டிய காகிதங்களைக் கிழித்தேன். ஈரம் போட்டுக்கூட ஊறவைக்கவில்லை. நகத்தால் பிறாண்டினேன். ஜன்னல் கதவை ஒரு சாண் திறந்து கல் வைத்தேன். கதவடி உருளையைக் கிழித்து மணலைக் கொட்டினேன். தகரமும் தட்டியும் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையை மலைப்பெண் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சோடு வைத்துப் பழைய புடவையால் கட்டிக்கொண்டேன். காற்று படக்கூடாது என்ற சட்டத்தை மறந்து வெயிலில் நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். நின்றால் அந்த மேற்கு அறை வந்துவிடும்.

எண்ணெய் அன்று மாலையே மூன்று குப்பியிலும் கட்டியாகிவிட்டது.

எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நீங்கள்தானே கங்கு கொண்டுவந்து வைத்தீர்கள், நீங்கள்தானே உங்கள் கையால் ஜன்னலைச் சாத்தினீர்கள் என்று ஒரு கடிதம் எழுதினேன். கணப்பில் போட்டேன். இன்னொன்று எழுதினேன். அதையும் போட்டேன். அவர் வரட்டும், முகத்துக்கு நேராகவே கேட்கிறேன் என்று ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கி வைத்துக்கொண்டு, பிள்ளையை நெஞ்சில் கட்டியபடி வாசலுக்கும் வேலிக்கும் நடந்தேன். பொங்கல் வந்ததும் போனதும் எனக்கு நினைவில்லை.

சொன்னபடி தை மூன்றாம் நாள் உச்சிக்கு அப்பா வந்து சேர்ந்தார். பின்னால் காலி டோலியைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டு ஆட்கள். எங்களுக்கென்று பேசிக் கொண்டுவந்த டோலியில் தான் ஏறக்கூடாது என்று அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியிருக்கிறார். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. உள்ளே வந்தவர் உட்காரவில்லை. தலைமாட்டுக் குப்பியை எடுத்துக் கவிழ்த்தார்.

“உருகலயே கண்ணு.”

“இல்லீங்கப்பா.”

அவர் சுற்றிலும் பார்த்தார். மூங்கில் தட்டியைப் பார்த்தார். பளபளத்த தகரத்தில் விரலால் தட்டினார். எனக்காகப் பெருமைப்படுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“இத்தன வேலை பண்ணியிருக்கற. ஜன்னலை மட்டும் ஏன் சாமி தொறந்து போட்டிருக்கற? காயிதம் ஒட்டுன தடம் இருக்குதே. ஒட்டிட்டு எதுக்குக் கிழிச்சே?”

அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் வாய்வரை வந்தன. அவர் குதிகாலிலிருந்து தரையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“மூடித்தானுங்கப்பா வெச்சிருந்தேன். குழாயையும் அடைச்சிட்டேனுங்க. எண்ணெய் நல்லா உருகிருச்சு. புள்ளைதான் எந்திரிக்கல. அந்தப் பொண்ணு வந்து வெளிய தூக்கிட்டு ஓடலீன்னா போயிருப்பானுங்க.”

“புகையா?”

“புகை இல்லீங்கப்பா. வெறுங் கங்கு.”

“வெறுங் கங்கு” என்றார் அப்பா. கேள்வியாகச் சொல்லவில்லை. குப்பியைக் கையில் வைத்தபடியே நின்றார். அவர் பார்வை என் கட்டிலுக்கு அடியில் போனது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு ஜன்னலுக்குப் போனது. பிறகு என்னிடம் வந்தது.

“அப்ப அன்னைக்கு...” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

“தெரியலீங்கப்பா. எனக்கு நிசமாலுமே தெரியலீங்க.”

நான் சொன்னது உண்மை. இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் கேட்க வேண்டும் என்று சேர்த்துவைத்த கோபத்தில் ஒரு வார்த்தை மிச்சமில்லை. அவர் தரையில் உட்கார்ந்தார். நான் புடவைக் கட்டைத் தளர்த்தி, பிள்ளையின் ஒரு காலை வெளியே எடுத்து அவர் கையில் வைத்தேன். கால் சூடாக இருந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்திருந்தார். பிள்ளை உதைத்தான். அவர் விடவில்லை.

டோலி காலியாகவே திரும்பியது. ஆட்கள் எவ்வளவோ சொல்லியும் அப்பா அதில் ஏறவில்லை. கிளம்பும் முன், அத்தனை குளிரில் ஜன்னல் கல்லை நகர்த்தி இன்னும் ஒரு சாண் திறந்துவைத்தார். தலைமாட்டுக் குப்பியை மடியில் கட்டிக்கொண்டார். “இது உனக்கு வேண்டாம்” என்றார். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் அது தானாக உருகியிருக்கும்.

அப்பாவின் கடிதங்கள் எப்போதும் நலம், நலமறிய அவா என்றுதான் தொடங்கும். அந்தத் தைக்குப் பிறகு அதற்கும் மேலே, தாளின் தலையில், ஒரு வரி வரத் தொடங்கியது: ஜன்னல் திறந்திருக்கிறதா? சண்டை முடிந்தது. எங்களுக்கு மலையிலிருந்து மாற்றலாகி, சமவெளியில் சித்திரை வெயிலில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டு விசிறிக்கொண்டு கிடந்தபோதும், அந்த வரி வந்தது. பையன் ஓடியாடி விளையாடும் வயதிலும் வந்தது. கடைசியாகக் கை நடுங்க எழுதிய தபால் அட்டையில் அந்த வரி மட்டும்தான் இருந்தது.

நான் ஒவ்வொரு முறையும் உடனே பதில் எழுதினேன். திறந்திருக்கிறது அப்பா என்று.